கைக்கு நட்ட கல்

அன்பார்ந்த வாசகர்களே! தலை முழுகி, ஈர வேட்டியோடு, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கீழே வருவதில் ஒரு சொல்லும் கற்பனை இல்லை. கூட்டிச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. எள்ளளவு பொய் கலந்திருந்தாலும் என் நாக்கில் நெல் முளைக்கட்டும். அறுவடைக்குக்கூட நான் யாரையும் கூப்பிடப் போவதில்லை.

ஆவணித் திங்கள் முழுமதி நாள். மேலைவானில் கதிரவன் குங்குமக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறைய, கீழைவானில் பனந்தோப்புக்கு மேலாக வெண்மதி மெல்ல எட்டிப் பார்க்க, இரண்டு ஒளிகளில் எதை வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் பாதிச் சிவப்பும் பாதி வெள்ளியுமாக வெள்ளாறு ஓடிக்கொண்டிருந்த அந்த மயங்கிய மாலை வேளையில், வேங்கைக் கோட்டையின் துறையை நோக்கி ஓர் ஓடம் சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் இருவர். ஒருவன் ஓடக்காரன் கூத்தப்பன். மற்றவன் பழுப்பு நிறப் போர்வையால் கழுத்து முதல் இடை வரை மூடிக்கொண்டிருந்த ஒரு வாலிபன்.

"அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உட்காருங்க. ஓடம் இடப்பக்கமா சாயுது பாருங்க" என்றான் கூத்தப்பன். "வலப்பக்கம் கனமே இல்லாத ஆளா இருக்கீங்களே!"

வாலிபன் நகர்ந்து உட்கார்ந்தான். "அக்கரையில் என்ன, மேளம் முழங்குகிறதே?" என்று கேட்டான்.

"வெளியூரா நீங்க? இன்னைக்கு எங்க கைச்சாமிக்குக் கலியாணமில்ல!"

"எந்தச் சாமிக்கு?"

"கைச்சாமிண்ணே. இளவெயினன்னு ஒரு குதிரைப்படைத் தலைவர் இருந்தாரு. போன வருஷம் இதே ஆத்துல நடந்த சண்டையில ஆளு போயிட்டாரு. வலது கை மட்டும் கெடச்சுது. அதுக்குக் கல்லு நட்டுக் கும்பிடுறோம். சும்மா சொல்லக் கூடாது, துடியான சாமி. என் பெண்சாதிக்கு மூணு வருஷமா இருந்த தோள்வலி ஒரே பூசையில ஓடிப்போச்சு."

வாலிபனின் முகத்தில் ஒரு விசித்திரமான குழப்பம் படர்ந்தது. "அந்த இளவெயினன் எப்படிப்பட்டவர்?" என்றான்.

"ஆளா?" கூத்தப்பன் துடுப்பை நிறுத்தி யோசித்தான். "ஆளைப் பத்தி யாருண்ணே பேசுறா? சுமாரான ஆளுன்னுதான் சொல்லிக்கிறாங்க. கைதான் கை!"

வாசகர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். போர்வைக்குள் இருந்தவன் இளவெயினனேதான். அதாவது, அந்தக் கை நீங்கலான இளவெயினன்.

நடந்தது இதுதான். பகைவர் ஆற்றைக் கடக்க முயன்ற நாளில், இளவெயினன் தன் குதிரைப் படையோடு துறையை மறித்து நின்றான். ஒரு கோடரி வீச்சில் அவன் வலக்கை தோளருகே துண்டாகிக் கரையில் விழுந்தது. அவன் வெள்ளத்தில் விழுந்தான். பிடித்த வாளை விடாத அந்தக் கை, எஜமானர் போன பிறகும் கால் நாழிகை நேரம் தனியாகவே போரிட்டு இரண்டு பகைவர்களை வீழ்த்தியது. மூன்று என்று சொல்வாரும் உண்டு. மிகைப்படுத்துவது எனக்குப் பிடிக்காது, இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போர் முடிந்ததும் கையைக் கண்டெடுத்தார்கள். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு இருந்ததால் யாருடையது என்று தெரிந்தது. உடலைத் தேடி ஓய்ந்து, கையைச் சந்தனக் கட்டையில் எரித்து, துறையிலே ஒரு நடுகல் நாட்டினார்கள். நாட்டுத் தலைவரான வேங்கையரையர் அந்தக் கைக்கு 'ஏனாதி' என்ற சேனாபதிப் பட்டமும் வழங்கினார். கை உடம்போடு இருந்த காலத்தில் இளவெயினன் அந்தப் பட்டத்துக்காக ஒன்பது ஆண்டு காத்திருந்தான் என்பதை இங்கே குறிப்பிடுவது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

அவனோ கழிமுகத்து உப்பளத்தில் கரை ஒதுங்கினான். உப்பு விளைப்பவர்கள் கொதிக்கும் இலுப்பை எண்ணெயில் காயத்தைச் சுட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். உயிர் வந்துவிட்டது, வாழ்க்கை வரவில்லை. நடந்தால் உடம்பு இடப்பக்கம் இழுத்தது. தண்ணீர்க் குடத்தை எடுக்க இல்லாத கையை நீட்டுவான். குடம் அப்படியே இருக்கும், நீட்டிய உணர்வு மட்டும் விரல் நுனி வரை ஓடும். இடக்கையால் உண்ணும்போது எதிரே இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். இடக்கையால் கொடுத்தால் யாரும் வாங்கவில்லை. பெரியவர்களைக் கண்டால் இரு கைகளையும் குவித்து வணங்கினான். அதாவது, அவனுக்கு அப்படித் தோன்றியது. அவர்கள் கண்டதோ அந்தரத்தில் நிற்கும் ஒற்றை உள்ளங்கையை. இவன் வணங்குகிறானா, அறையப் போகிறானா என்று அவர்களும் குழம்பினார்கள்.

இதைவிட விந்தை ஒன்று உண்டு. ஒவ்வொரு மாலையும் அந்த இல்லாத கை கள்ளில் நனைந்தது. நெடுநேரம் பிசுபிசுவென்று ஒட்டியது. சில நாள் மாலை விழுந்த குளிர்ச்சி. சில நாள் மஞ்சள் தூளின் நமைச்சல். உப்பளத்தில் கள்ளும் இல்லை, பூவும் இல்லை. தன் கை எங்கோ தன்னைவிட நன்றாக வாழ்கிறது என்ற சந்தேகம் அவனுக்கு வலுத்தது. தான் இருக்கும் இடத்தில் தான் இருக்கிறோமா, கை இருக்கும் இடத்தில் இருக்கிறோமா என்று அவனுக்கு விளங்கவில்லை. பதினான்கு திங்கள் இப்படிக் குழம்பிவிட்டு, விடை தேடித்தான் இன்று புறப்பட்டிருந்தான்.

"கைச்சாமிக்குக் கலியாணம் என்றாயே, மணமகள் யார்?" என்று கேட்டான்.

"நம்ம அரையர் மகள் அல்லியங்கோதை நாச்சியார்தான். நிச்சயத்துல கைக்குக் காப்புக் கட்டினவங்க அவங்கதானே? காப்புக் கட்டின மாப்பிள்ளை செத்தா வருஷம் கழிச்சு அவர் வாளைப் புருஷனா வச்சுத் தாலிக்குக் கழுத்தை நீட்டணும், அப்புறம் ஆயுசுக்கும் தனியாத்தான் இருக்கணும்னு இந்த நாட்டு வழக்கம். நிலா பனைக்கு மேல ஏறினதும் முகூர்த்தம்."

இளவெயினன் நிமிர்ந்து பார்த்தான். நிலா பனந்தோப்பின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது.

"விரைவாகச் செலுத்து, அப்பனே!"

"ஒங்களுக்கு என்னண்ணே அவ்வளவு அவசரம்? மாப்பிள்ளை வீட்டு ஆளா?"

"கிட்டத்தட்ட" என்றான் இளவெயினன்.

துறையில் தீவட்டிகள் வரிசையாக எரிந்தன. நடுவே ஆளுயரக் கல். வாளேந்திய வலக்கை ஒன்று அதில் செதுக்கப்பட்டு, மஞ்சளும் மாலையுமாகப் பொலிந்தது. அதன் முன் ஒரு பீடத்தில் வாள். வாளுக்கு அருகே, கடல்நுரை போன்ற வெண்பட்டு உடுத்து, தலை கவிழ்ந்து, காற்றில் அசையாத கொடியைப் போல நின்றாள் அல்லியங்கோதை. அவளை இளவெயினன் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறான். வேங்கை நாட்டில் மணநிச்சயத்தின்போது முகம் பார்க்கலாகாது. திரைக்கு அப்பாலிருந்து மணமகன் வலக்கையை மட்டும் நீட்டுவான், மணமகள் காப்புக் கட்டுவாள். அன்று அவள் கயிறு கட்டி முடித்த பிறகும் அவன் கையை மூன்று நாழிகை விடவில்லை. புரோகிதருக்கு இருமி இருமித் தொண்டை கட்டிப்போனது.

பூசாரி கலயத்தைச் சாய்த்துக் கல்லின் மீது கள்ளை வார்த்தார். கூட்டத்தின் பின்னால் நின்ற இளவெயினனின் வலக்கை நனைந்தது. இல்லாத விரல்களை உதறிக்கொண்டே, "நிறுத்துங்கள்!" என்று கூவினான்.

மேளம் நின்றது. வேங்கையரையர் புலி போலத் திரும்பினார். "மங்கல வேளையில் குரல் கொடுத்தவன் எவன்?"

இளவெயினன் முன்னே வந்து போர்வையை நழுவவிட்டான். "அரையர் பெருமானே, வணங்குகிறேன். நான் இளவெயினன்."

அரண்மனை எழுத்து வேலைகளுக்கெல்லாம் தலைவரான ஓலைநாயகர் சேந்தனார், அந்த ஒற்றை உள்ளங்கை வணக்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகுந்த பணிவோடு கல்லைக் காட்டினார். "இளவெயினர் அதோ எழுந்தருளியிருக்கிறாரே?"

"அது என் கை, ஐயா."

"அது ஏனாதி. தாங்கள் யார்?"

"அந்தக் கையோடு சேர்ந்து இருந்தவன்."

"எத்தனை காலம்?"

"இருபத்தாறு ஆண்டுகள்."

"பிரிந்து?"

"பதினான்கு திங்கள்."

"அப்படியானால் ஏனாதிக்குத் தாங்கள் பழைய உறவினர்" என்று சேந்தனார் ஓலையில் எழுத்தாணியை வைத்தார். "விருந்தினர் வரிசையில் அமரலாம்."

அரையர் அருகே வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். உப்பளத்து வெயில் அந்த முகத்தைக் காய்ச்சி வேறொருவனுடையது ஆக்கியிருந்தது. "நீ இளவெயினன் என்றால் நான் யாருக்குக் கொள்ளி வைக்கச் சொன்னேன்? ஓராண்டாக யாரை நினைத்து உணவு செல்லாமல் கிடந்தேன்?" அவர் கல்லைச் சுட்டிக் காட்டினார். "நீதான் என்று சத்தியம் செய். கல்லைத் தொட்டுச் செய். நம்பிவிடுகிறேன்."

இளவெயினன் கல்லை நோக்கிக் கையை நீட்டினான். கூட்டம் முழுவதும் 'ஆ!' என்று அலறிற்று. நீண்டது இடக்கை. வேங்கை நாட்டில் வலக்கையால் செய்தால்தான் சத்தியம். இடக்கையால் கல்லைத் தொடுவது சாமியை வைவதற்குச் சமம்.

"வலக்கை இல்லாதவருக்குச் சத்தியம் இல்லை" என்றார் சேந்தனார், உண்மையாகவே வருந்தி. "சத்தியம் இல்லாமல், கல் நடப்பட்டவர் உயிரோடு எழ முடியாது. வலக்கை இருந்திருந்தாலோ கல்லே நட்டிருக்க மாட்டோம். நானும் ஒரு வழி யோசிக்கிறேன், ஐயா, சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்கிறது."

நிலா பனையின் உச்சியைத் தொட்டது. பூசாரி மங்கலநாணைக் கையில் எடுத்தார். அப்போது அல்லியங்கோதை தலை நிமிர்ந்தாள்.

"உங்கள் முகத்தை நான் அறியேன்" என்றாள். "நான் அறிந்தது ஒரு கையை. அதற்குக் காப்புக் கட்டினேன். அது எரிவதையும் பார்த்தேன். எங்கே, இருக்கிற கையைக் கொடுங்கள்."

பதினான்கு திங்களாக யாரும் வாங்காத கை. அவன் தயங்கினான். "இது இடக்கை, நாச்சியார்..."

"எனக்குக் கண் இருக்கிறது. கொடுங்கள்."

கொடுத்தான். அவள் அதைத் தீவட்டி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உப்பு அரித்த வெடிப்புகள். பழகாத வேலை செய்து காய்த்த காய்ப்புகள். நகம் போன ஒரு விரல். "இது நான் அறியாத கை" என்றாள். கூட்டம் பெருமூச்சு விட்டது. ஒருவேளை தான் இளவெயினன் இல்லையோ என்று அந்தக் கணம் இளவெயினனுக்கே மெய்யாகத் தோன்றிவிட்டது.

ஆனால் அவள் கையை விடவில்லை.

"தந்தையே, அந்த வலக்கையை அஞ்சாத கை என்று நாடே பாடுகிறது. திரைக்கு அப்பால் அது என் கைகளுக்குள் வாழைக்குருத்துப் போல நடுங்கியது. அது எனக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். அதனால்தான் அன்று விட மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை." அவள் குரல் தாழ்ந்தது. "இந்தக் கை வேறு. நடுக்கம் அதேதான்."

பிறகு அவள் செய்ததை நான் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். இளவெயினனின் வலப்புறம் போய் நின்றாள். கீழே கிடந்த போர்வையை எடுத்து இருவர் தோளையும் சேர்த்துப் போர்த்தாள். அதற்குள்ளிருந்து தன் வலக்கையை, அவனுடைய கை இருந்திருக்க வேண்டிய இடத்தின் வழியாக, நீட்டிக் கல்லின் மேல் வைத்தாள்.

"சத்தியத்துக்கு வலக்கை வேண்டும் என்பது விதி. யாருடைய வலக்கை என்று விதியில் இருக்கிறதா, ஓலைநாயகரே?"

சேந்தனார் சுவடிக்கட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "இல்லை, தாயே" என்றார். அவர் முகத்தில் அன்றுதான் முதன்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

"சொல்லுங்கள்" என்றாள் அவள், அவன் காதருகே.

வளையல் அணிந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இளவெயினன் பேசினான்: "இந்தத் துறையில் ஆற்றில் விழுந்தவன் நான். உப்பளத்தில் எழுந்தவன் யாரென்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இன்று முதல் அவனும் நானாகவே இருந்து வாழ்வேன். கிடைத்த பட்டமும் பூசையும் கையோடு இருக்கட்டும். அதைத் திரும்பக் கேட்க மாட்டேன். பெயரை மட்டும் கேட்கிறேன். நான் இளவெயினன். இது சத்தியம்."

வேங்கையரையர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பீடத்திலிருந்த வாளை எடுத்து அப்பால் வைத்தார். "முகூர்த்தம் தப்புகிறது. கட்டு, மருமகனே" என்றார்.

மங்கலநாணுக்கு முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. இளவெயினனுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. உப்பு மூட்டை கட்டிப் பழகியவன் அவன். ஒரு முனையை இடக்கையிலும் மறு முனையைப் பல்லிலும் பிடித்துக்கொண்டு அவள் கழுத்தருகே குனிந்தான். பெரியவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள். மேளக்காரர்கள் ஒரு கணம் வாசிக்க மறந்து, பிறகு இரண்டு மடங்கு பலமாக வாசித்தார்கள்.

"இறுக்கிவிட்டேனோ?" என்று கேட்டான், வாயில் நூலோடு.

"ஓலைநாயகர் பார்க்கிறார். மூன்றாவது முடிச்சையும் போடுங்கள்" என்றாள் அல்லியங்கோதை.

போட்டான்.

அந்த நடுகல் இன்றும் வெள்ளாற்றங்கரையில் நிற்கிறது. போன தை மாதம் நானே போய், மண்ணைத் துடைத்துவிட்டு நன்றாகப் பார்த்தேன். அதில் செதுக்கப்பட்டிருப்பது கை அல்ல, ஒரு சண்டைச் சேவல். என் நாக்கில் இன்றுவரை நெல் முளைக்கவில்லை.