தூக்கியவர் தோற்றவராம்

வெள்ளிக்கிழமைதோறும் ஆவணப்படம் பார்த்துவிட்டுத்தான் படுப்போம். விடிவதற்குள் காதுக்குப் பின்னால் இருக்கும் நினைவுச்சில்லு அதை எங்கள் ஞாபகத்தோடு ஒத்திசைத்துவிடும். சனிக்கிழமை காலை, ராயபுரம் மிதவைத் தெருவில் எல்லோருக்கும் ஒரே ஞாபகம். வாய்ச்சண்டைக்கே வழியில்லை; எனக்குத்தான் பொழுது போவதில்லை.

இந்த வாரப் படம் எங்கள் தெருவைப் பற்றியது. எதிரெதிர் வீட்டுக்காரர்களான தயாளனும் சில்வெஸ்டரும் ஐம்பது வருடத்துக்கு முன் மோதிய குத்துச்சண்டை. ‘அந்த ஒரு குத்தில் வடசென்னையின் பண்பாடே நிமிர்ந்து நின்றது’ என்று கனத்த குரல் ஒன்று சொன்னது. படத்தைக் கோத்த கணினி, யாரோ தோளில் தூக்கிய தயாளனின் பழைய ஃபோட்டோவைப் பார்த்து, அவர்தான் வென்றார் என்று தீர்மானித்திருந்தது. காலையில் எனக்கும் அப்படியே ஞாபகம் இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவளாயிற்றே.

தெருவே மாலையோடு தயாளன் வீட்டுக்குப் போனது. அவரோ மாலையை ஒதுக்கிவிட்டு சில்வெஸ்டர் வீட்டுக்கு நடந்தார். குத்து வாங்கிய தலையில் சில்லு நிற்காது என்பதால் இருவருக்கும் அது கிடையாது. பாவம், சொந்த ஞாபகம்தான். நான் கீரை ஆய்கிற சாக்கில் வாசலுக்கு வந்தேன்.

“இன்னாடா சில்வா, நான் ஜெயிச்சேனாம்.”

“அதுக்கு இன்னா இப்போ? கப்பை வேணா எடுத்துக்கினு போ. அதை உனக்குக் குடுக்கச் சொல்லி தெருக்காரங்க காலையிலயே வந்து கேட்டுட்டாங்க.”

“கப்பு யாருக்குடா வேணும்? நம்ப பக்கம் ஜெயிச்சவன்தானே தோத்தவனைத் தூக்கிக்கினு சுத்தி வருவான்? நீ என்னைத் தூக்குன. அதுக்கப்புறம் ஒருத்தன் என்னைக் கேலி பேசல. அந்த ஃபோட்டோதான்டா அது. உன் மூஞ்சி என் துண்டுல மறைஞ்சிருக்கு. படத்துல எவனோ ரசிகன் தூக்குனான்றான்.”

“போனாப் போவுது, ஜெயிச்சவனாவே இரு.”

“நான் ஜெயிச்சிருந்தா, நீ என்னைத் தூக்கவே இல்லைன்னு ஆயிடுதே.”

காதில் விழுந்தது, தலையில்தான் ஏறவில்லை. ஜெயித்தவர் தோற்றவரைத் தூக்குவதாவது? அப்படி ஒரு வழக்கம் எங்கள் தெருவில் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

சில்வெஸ்டர் லுங்கியை மடித்துக் கட்டினார். தயாளனை இடுப்போடு சேர்த்துத் தூக்கினார். கால் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியிருக்கும்.

“தோத்தவருக்கு எவ்ளோ பெரிய மனசு பாருக்கா” என்றாள் பக்கத்து வீட்டு ஜெசிந்தா. தெருவே கை தட்டியது. நானும் தட்டினேன்.

ஜெயித்த மனிதர், தோற்றவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எதற்கு அப்படி அழுதார் என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.