ஒன்பது மீற்றர் நடை

முதல் தடவை ஒன்பது மீற்றர் அறுபத்திரண்டு. இரண்டாம் தடவை ஏழு மீற்றர் பதினைந்து.

அஸ்மியா லேசர் அளவுகருவியைத் துணியால் துடைத்து, மறுபடியும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். உடுப்பிட்டியில் பன்னிரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த அந்தச் சிறிய வீட்டின் கடைசி அறை வாசலில் அவள் நின்றிருந்தாள். அங்கிருந்து முன்கதவுவரை, வீட்டின் நடுவால், நாலரை அடி அகலத்தில் ஒரு நடை நேராக ஓடியது. மிசன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஒருவர், வெள்ளைக்காரரின் பங்களாவைப் பார்த்து ஆசைப்பட்டு, முருகைக்கல்லாலும் பனைமரத்தாலும் கட்டிய வீடு. ஆளுயரத்துக்கு மேல் வளைந்த வாசல்கள். கம்பி போட்ட ஒடுங்கிய யன்னல்கள். கறையானுக்குப் பயந்து கல் வைத்து அடைத்த பின்கதவு. கார்த்திகை மழை மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்ததில் சுவர்கள் ஊறி, ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த நெடி மூக்கில் ஏறியது.

லண்டனில் இருக்கும் வீட்டுக்காரி, யோசப்பின் என்பவள், இந்த வீட்டைத் திருத்திக்கொண்டு வந்து இருக்கப்போகிறாளாம். கூரையைக் கழற்றுவதற்கு முன் வரைபடம் வேண்டும் என்று அஸ்மியாவிடம் கேட்டிருந்தாள். ஆளில்லாத வீடுகள் அஸ்மியாவுக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து வாப்பாவோடு யாழ்ப்பாணம் திரும்பி வந்தபோது அவர்களுடைய சொந்த வீடே நாலு சுவராகத்தான் நின்றது.

முன்கதவின் ஒரு பக்கம் சாத்தியிருந்தது. திறந்த பக்கத்தால் விறாந்தை தெரிந்தது. அங்கே கதிரையில் லெனாட் இருந்தார், யோசப்பினின் தமையன். அறுபத்தைந்து வயது. மணமுடிக்கவில்லை. வளவின் மூலையில் ஓர் ஒற்றை அறையில் இருந்துகொண்டு வீட்டுப் பூட்டுக்குத் திறப்பை வைத்திருப்பவர்.

"நீங்கள் உள்ளை வரேல்லையோ அங்கிள்?" என்று அவள் வந்ததும் கேட்டிருந்தாள்.

"நீர் போம் பிள்ளை. அம்மா செத்த பிறகு நான் உள்ளை கால் வைக்கேல்லை." சொல்லும்போது அவர் நிலத்தைப் பார்த்தார்.

யோசப்பினும் தொலைபேசியில் சொன்னாள்தான். "அம்மா பதினொரு வருசம் அந்தக் கடைசி அறையிலைதான் படுக்கை. அண்ணையை ஒரு நிமிசம் விலக விடமாட்டா. நாங்கள் எல்லாரும் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டிட்டம். அவர் பாவம்."

மூன்றாம் தடவை அழுத்தினாள். ஆறு மீற்றர் நாற்பது.

சாத்திய கதவில் விழவேண்டிய சிவப்புப் புள்ளி அங்கே இல்லை. தேடினாள். நடையின் நடுவில், நெஞ்சுயரத்தில், வெறும் காற்றில் அது நின்றது.

தூசியாக இருக்கும் என்று நினைத்தாள். மழை ஈரமாக இருக்கும். கருவியை மெல்ல மேலே சரித்தாள். புள்ளி காற்றில் ஏறியது, ஓரிடத்தில் சட்டென்று பாய்ந்து தூரத்துக் கதவில் விழுந்தது. கீழே இறக்கினாள். திரும்பவும் நடுவில் வந்து நின்றது. வலப்பக்கம் நகர்த்தினாள், பாய்ந்தது. இடப்பக்கமும் அப்படித்தான். ஏழு வருடம் சுவரும் தூணும் அளந்த கை அவளைக் கேட்காமலே அளந்து முடித்தது. நாலரை அடி உயரம். ஒன்றரை அடி அகலம். மேலே உருண்டை. அதன் கீழே இரண்டு பக்கமும் சரிந்த தோள்கள்.

கூனிய ஒரு ஆள்.

ஐந்து மீற்றர் எட்டு.

யூக்கலிப்டஸ் தைலம் மணத்தது. அதனடியில் நாட்பட்ட மூத்திரம். நிலத்தில் கிடந்த சுண்ணாம்புப் பொருக்கு ஒன்று நொறுங்கியது. சிறிது பொறுத்து இன்னொன்று.

நாலு மீற்றர் முப்பது.

பின்னால் யன்னல் கம்பி. விரலளவு தடிப்பு. வாப்பா சொல்லித் தந்த துஆ ஒன்றும் நாக்கில் வரவில்லை. அழுத்தாமலும் இருக்க முடியவில்லை. அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இருப்பது அதைவிட மோசம்.

இரண்டு மீற்றர் இருபது.

"அங்கிள்! ஓடி வாங்கோ அங்கிள்!"

லெனாட் எழும்பினார். வாசற்படியில் நின்றார்.

"என்ன பிள்ளை? நீர் வெளியிலை வாருமன்."

"ஏலாது. நடையிலை நிக்குது."

"என்ன நிக்குது?"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தார்.

மூன்று மீற்றர் தொண்ணூறு. ஐந்து மீற்றர் ஐம்பது.

அது திரும்பிப் போகிறது. அவரிடம்.

வராதேங்கோ என்று கத்தியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. தன்னை விட்டு அது போகிறது என்ற ஆறுதல், வெட்கமில்லாத ஆறுதல், அவளுக்குள் இறங்கியது.

நடையின் நடுவில் லெனாட் நின்றார். தோள்கள் தளர்ந்தன. முகத்தில் இருந்த வயது முழுதும் வழிந்து போனதுபோல இருந்தது.

"ஓமம்மா," என்றார். "இஞ்சைதான் நிண்டனான். நான் எங்கையும் போகேல்லை."

மெல்ல நிலத்தில் இருந்தார். பிறகு சரிந்து படுத்தார்.

அஸ்மியா ஓடவில்லை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில், அடி அடியாக நகர்ந்தாள். தைல மணம் முகத்தில் அடித்தது. பாவாடையில் ஏதோ உரசியது. கண்ணை மூடிக்கொண்டு கடந்தாள். விறாந்தை. படி. மழை.

வளவுப் படலையால் தெருவுக்குப் போயிருக்கலாம். திரும்பிப் பார்த்தாள்.

லெனாட் நடையில் நீட்டிக் கிடந்தார். தலை மட்டும் நிலத்தில் இல்லை. ஒரு சாண் உயரத்தில், எதன் மேலும் இல்லாமல், கன்னம் அமுங்கி, ஒருவருடைய மடியில் கிடப்பதுபோலக் கிடந்தது. நரைத்த மயிர் நெற்றியிலிருந்து பிடரிவரை ஐந்து கோடாகப் பிரிந்தது. மூடியது. மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் நெற்றித் தோல் பின்னால் இழுபட்டது. கண்கள் திறந்தபடி அவளையே பார்த்தன. வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.