ஒரே பெயரில் இரண்டு

அவள் இன்னும் தொட்டே பார்க்காத வேலை முடிந்திருந்தது.

மருத்துவர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் அவள் பிழைப்பு. மதியம் வந்த ஒலிப்பதிவை இப்போதுதான் திறக்கப் போனாள்; அதற்குள் அது அறிக்கையாகி மேலாளருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வேறு யாரோ செய்திருப்பார்கள் என்று தள்ளிவிடவும் வழியில்லை. முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி விடும் கெட்ட பழக்கம் அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான். அதுவும் அப்படியே இருந்தது.

"இன்னிக்கு என்ன, ரெண்டு ஆள் வேலை பாத்துட்டீங்க!" என்று போகிற போக்கில் மேலாளர் பாராட்டினார். அவளும் சிரித்து வைத்தாள்.

கணினி அவளுடையது. அவரவர் கணினியை அவரவரே கொண்டு வாருங்கள் என்று அலுவலகம் கைகழுவிவிட்டதால் கைக்காசு போட்டு வாங்கிய மடிக்கணினி. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தது தம்பி. "காசும் வேணாம், ஒளிவுமறைவும் கிடையாதுக்கா. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா திறந்து பாக்கலாம்" என்று, ஏதோ அவனே பெற்று வளர்த்த மாதிரி பீற்றிக்கொண்டான். போன ஞாயிறு, இது பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்று, வீட்டில் மகள் பாடம் படிக்கும் பழைய கணினியில், அலுவலக இணைப்பு உட்பட, இதை அச்சு அசலாக நகலெடுத்தும் வைத்தான்.

"பேர மட்டும் மாத்திடணும்க்கா. ரெண்டும் ஒரே பேர்ல இருந்தா எது எதுன்னு நெட்வொர்க் குழம்பிடும்."

"அப்புறம் மாத்திக்கலாம்டா, சாப்பாடு ஆறுது" என்று அவனை எழுப்பிவிட்டது அவள்தான்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வர, ஒவ்வொருவராகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தார்கள். ஏசியின் முனகலும், ஈரக் குடைகள் கிடந்த தரைவிரிப்பின் புழுங்கிய வாடையும், யாரோ மிச்சம் வைத்துப்போன காப்பியின் கசந்த மணமும், அவள் தலைக்கு மேல் தனியாக எரிந்த விளக்கும்தான் துணைக்கு இருந்தன. திரையின் மூலையில் மைக்கின் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தன் மூச்சோ என்று அடக்கிப் பார்த்தாள். கோடு நிற்கவில்லை.

ஹெட்போனை மாட்டினாள். குழாய் சொட்டும் சத்தம். சொட்டு, சொட்டு, கொஞ்சம் தயங்கி இன்னொரு சொட்டு. சரிசெய்யச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரரிடம் மாதக்கணக்கில் கெஞ்சிய அவள் வீட்டுச் சமையலறைக் குழாய் அது. பள்ளியிலிருந்து வந்த மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பையை வீசினாள். வீட்டுக் கணினியின் மைக்கை இது தன்னுடையதாக எடுத்துக்கொண்டதாக்கும், தம்பி சொன்ன குழப்பம் இதுதானாக்கும் என்று ஒரு நொடி நெஞ்சு ஆறியது.

"அம்மா, பசிக்குது."

"கை கழுவிட்டு வாடி தங்கம்."

பதில் சொன்னது அவள் குரல்.

'தங்கம்' என்பதன் முடிவில் அவள் செல்லமாக இழுப்பாள். அந்த இழுப்புகூட இருந்தது. திரையில் அலுவலக நெட்வொர்க்கின் அறிவிப்பு வந்தது.

இந்தப் பெயரில் இரண்டு கணினிகள் உள்ளன. அசல் எது?

கீழே இரண்டு கட்டங்கள். அலுவலகம். வீடு. அவள் கை நீட்டுவதற்குள் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அதற்கு அவசரமே இல்லை. 'வீடு' மேல் போய் நின்றது. அழுத்தியது.

நன்றி. நகல் நீக்கப்படும்.

கணினியில் அவள் சேர்த்து வைத்திருந்த படங்கள் ஒவ்வொன்றாகப் போயின. மகள் பிறந்த அன்று எடுத்த படம் மறைந்தது. பள்ளிக்குப் போன முதல் நாள். பல் விழுந்த சிரிப்பு. அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அணையவில்லை. வயரைப் பிடுங்கினாள். ஒன்றும் பலிக்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஹலோ, யாரு?"

"கண்ணு, நான்தான்டி, அம்மா. உடனே வெளிய வா. பக்கத்து வீட்டுக்கு ஓடு."

"எங்க அம்மா வீட்லதான் இருக்காங்க. நீங்க யாரு?"

சற்றுத் தள்ளி அவள் குரல் கேட்டது. "யாருடி போன்ல?"

"தெரியலம்மா. யாரோ அழுவுறாங்க."

இணைப்பு அறுந்தது.

எழ வேண்டும். ஓட வேண்டும். கால் வரவில்லை.

திரையில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை தெரிந்தது. காலையில் அவள் உடுத்திய அதே உடை. பொத்தான் போன கழுத்தில் அவள் குத்திக்கொண்ட அதே ஊக்கு. அந்த மார்பில் சாய்ந்து, ஊட்ட ஊட்ட வாய் திறந்துகொண்டிருந்தாள் மகள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஊட்டியவள் தலை நிமிர்ந்தாள். நேராக இவளைப் பார்த்தாள். பிறகு கை நீட்டி, கணினியின் மூடியை மெல்லச் சாய்த்து மூடினாள்.

திரை கருத்தது.

பின்னால் செருப்புச் சத்தம். மேலாளர்.

"வீட்டுக்குப் போறவங்க வெளக்க அணைச்சிட்டுப் போனா என்னவாம்?" என்று தனக்குத்தானே சலித்துக்கொண்டார்.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, அந்தக் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

கருத்த திரையில் அவர் முகம் தெரிந்தது. விளக்கு தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகு, மேலிருந்து கீழ்வரை, முழுசாகத் தெரிந்தது.