சிவப்பு ஷூவும் மடக்கிய விரல்களும்

அந்தச் சிவப்பு ஷூ கடையில் ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்தது. பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, குதிகால் பக்கம் குட்டியாக ஒரு நெருப்புப் படம். பார்த்த மாத்திரத்தில் பம்பரம் முடிவு செய்துவிட்டாள், இதுதான் தன்னுடையது என்று. ஷூதான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது அவளுக்கு ஒரு அளவு சின்னது.

பம்பரம் என்பது அம்மா வைத்த செல்லப் பெயர். சாப்பிடக் கூப்பிட்டால்கூட மேஜையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உட்காருவாள். பள்ளி ரிலே அணியில் கடைசியாக பேட்டனை வாங்கிக்கொண்டு ஓடுபவள் அவள்தான். பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் இந்தப் புது ஷூ.

"இந்தப் பலகை மேல ஏறி நில்லும்மா. கால் அளவு பார்த்துடலாம்," என்றார் கடை அக்கா.

"பலகையெல்லாம் எதுக்குங்க? அளக்கிறதுதான் என் தொழிலே!" என்று அப்பா சிரித்தார்.

அது உண்மைதான். அப்பா வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுப்பவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா இருக்கும், அப்பாவின் பையில் டேப் இருக்கும். பிறந்தநாள் கேக்கைக்கூட டேப் வைத்து அளந்துதான் வெட்டுவார். அதனால் வீட்டில் கேக் சண்டையே வந்ததில்லை.

அப்பா முட்டி போட்டு உட்கார்ந்தார். ஷூவின் முன்நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கக் குனிந்தார்.

'அப்பா, எனக்குப் பத்தலை' என்று சொல்ல வேண்டிய நேரம் அது. சொன்னால் சிவப்பு ஷூ பெட்டிக்குள் போய்விடும். பம்பரம் சொல்லவில்லை. ஷூவுக்குள்ளேயே கால் விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டாள்.

அப்பா அழுத்தினார். "அட, முன்னாடி தாராளமா இடம் இருக்கே! நடந்து காட்டு."

பம்பரம் விரல்களை மடக்கியபடியே கண்ணாடி வரை போய் வந்தாள். முகத்தில் ஒரு பெரிய சிரிப்பையும் மாட்டிக்கொண்டாள்.

"எப்படி என் அளவு?" என்று அப்பா கடை அக்காவிடம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் ஷூ தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. நடந்தால் விரல்கள் இடித்தன. ஓடினால் இன்னும் இடித்தன. விரலை மடக்கினால் ஓட முடியவில்லை, நீட்டினால் ஷூவில் இடம் இல்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று பம்பரம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சரியாகவில்லை. கொஞ்ச நாளில் குதிகால் வலிக்கத் தொடங்கியது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போதே சுருக்கென்றது. ஓடி முடித்த பிறகு குதிகாலைத் தரையில் ஊன்றவே பயமாக இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது ரேடியோ. ரேடியோ என்பது அவளுடைய வகுப்புத் தோழியின் பட்டப்பெயர். காலையில் பேச ஆரம்பித்தால் பள்ளி மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள். அணியில் யாராவது ஓட முடியாமல் போனால் அவர்களுக்குப் பதிலாக ஓட வேண்டியவள். இதுவரை யாரும் அப்படிப் போகவில்லை என்பதுதான் அவளுடைய பெரிய குறை.

"ஏய், நீ ஏன் நுனிக்கால்ல நடக்கிற? கீழ யாராவது தூங்குறாங்களா?"

"சும்மாதான்."

"நேத்தும் இப்படித்தான் நடந்த. எங்க வீட்டுப் பூனை பால் திருடப் போறப்போ இப்படித்தான் நடக்கும். கால் வலிக்குதா? டீச்சர்கிட்ட சொல்லட்டுமா?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல! உனக்கு என் இடம் வேணும், அதானே?"

ரேடியோ சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ரேடியோ வாயை மூடுவது என்றால் சின்ன விஷயமா? பம்பரத்துக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த வாரமே பயிற்சியில் விஷயம் வெளியே வந்துவிட்டது. பேட்டனை வாங்கிக்கொண்டு பாய்ந்தவள், பாதி வழியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டு டீச்சர் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா யாருடைய ஜன்னலையோ பாதி அளந்தபடியே விட்டுவிட்டு ஓடி வந்தார். நேராக ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனார்கள்.

அவருக்குப் பெரிய கைகள். ஆனால் அந்தக் கைகள் பூப்போலத் தொட்டன. பம்பரத்தின் குதிகாலை இரண்டு பக்கமும் லேசாக அமுக்கினார். பம்பரம் "ஆ!" என்று கத்தினாள்.

"சரி, சரி. குதிகாலே வாயைத் திறந்து பேசிடுச்சு," என்றார் அவர். பிறகு அவளைச் சுவரைப் பிடித்து நிற்கச் சொன்னார். நுனிக்காலில் எழும்பச் சொன்னார். கெண்டைக்கால் சதையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது வளர்ற பிள்ளைங்களுக்கு வர்ற வலிதான். இந்த வயசுல குதிகால் எலும்போட பின்பக்கம் இன்னும் முழுசா கெட்டியாகியிருக்காது. கெண்டைக்கால் சதை அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். ஓட ஓட இழுப்பு கூடும். பயப்பட ஒண்ணும் இல்ல, சரியாயிடும். எங்க, ஓடுற ஷூவைக் காட்டு."

அப்பா ஷூவை நீட்டினார். பிசியோதெரபிஸ்ட் அதை வாங்கி, உள்ளே இருந்த மெல்லிய மெத்தையை உருவி எடுத்தார். விரல் பதிந்த தடங்கள் நுனி வரை போய் முட்டிக்கொண்டு நின்றன.

"ஷூ சின்னதா இருக்கே. யார் பார்த்து வாங்கினது?"



"நான்தான்," என்றார் அப்பா. "நல்லா அழுத்திப் பார்த்துத்தான் வாங்கினேன். இடம் இருந்துச்சே... ஷூவாலதான் இப்படி ஆச்சா, டாக்டர்?"

"ஷூ மட்டும் காரணம் இல்ல. நல்ல ஷூ போடுற பிள்ளைங்களுக்கும் இது வரும். ஆனா இந்த ஷூ வலியைக் கூட்டியிருக்கு. எப்ப இருந்து வலிக்குதும்மா?"

பம்பரம் தலையைக் குனிந்தபடி, "ரொம்ப நாளா," என்றாள்.

"அடடா. வலிச்ச உடனே வந்திருந்தா போட்டிக்குள்ள தேறியிருக்கலாம். இப்ப முடியாது. குதிகாலுக்கு ஓய்வு வேணும். ஓட்டம் கூடாது, குதிக்கிறது கூடாது. கெண்டைக்காலை இழுத்து விடுற பயிற்சி மட்டும் செய்யணும்."

போட்டி போயிற்று. பம்பரத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டு, ஷூவை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா வேறு ஆளாகிவிட்டார். தைக்கும் மேஜையில் பச்சைத் துணியை விரித்தார். அளந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி அளந்தார்.

"இங்க வாயேன். இந்த அளவு சரியா இருக்கான்னு பாரு," என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"என்னங்க புதுசா? என்னைக்கு நீங்க என்னைக் கேட்டு வெட்டியிருக்கீங்க?"

"ஊர் ஜன்னலையெல்லாம் அளக்கிறேன். பெத்த பொண்ணு காலை அளக்கத் தெரியலையே! ஆசையா ஓடிக்கிட்டிருந்த பிள்ளையை நானே உட்கார வெச்சுட்டேன்."

கதவுக்குப் பின்னால் நின்று பம்பரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போட்டி போனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அப்பா மறுபடியும் டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

சிவப்பு ஷூவை மாட்டிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றாள்.

"ஐயோ, அதை ஏம்மா போட்ட? கழட்டு!"

"அழுத்திப் பாருங்கப்பா."

அப்பா ஒன்றும் புரியாமல் குனிந்து அழுத்தினார். "இதோ, இப்பவும் இடம் இருக்கே!"

பம்பரம் விரல்களை நீட்டினாள். "இப்ப அழுத்துங்க."

அப்பாவின் கட்டைவிரல் நேராக அவள் விரலில் போய் இடித்தது.

தலையைத் தூக்காமலே அவர் ஷூவின் லேஸை அவிழ்க்கத் தொடங்கினார். திட்டிவிட்டால் தேவலை என்று பம்பரத்துக்குத் தோன்றியது.

"கடையில மடக்கிக்கிட்டேன்பா. சிவப்பு ஷூ கிடைக்காம போயிடும்னு... உங்க அளவு தப்பில்லை. நான்தான்..." மீதியை அழுகை முழுங்கிவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு கடை ஏறி இறங்கியிருப்பேனேம்மா," என்றார் அப்பா. குரல் கரகரத்தது. பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "கடையில அந்தப் பொண்ணு பலகையில நிக்கச் சொல்லுச்சு. பெரிய இவனாட்டம் நான்தான் வேண்டாம்னேன். பலகையில நின்னிருந்தா உன் திருட்டுத்தனம் அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பாவும் பொண்ணும் நல்ல ஜோடி. முகத்தைக் கழுவிட்டு வாங்க," என்றாள்.

மறுநாள் பம்பரம் பள்ளியில் ரேடியோவைத் தேடிப் போனாள்.

"அன்னைக்கு உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

"எப்படிச் சொன்ன? ஓ, அதுவா? நான் அதை மறந்தே போயிட்டேன். சாயங்காலம் நினைச்சேன், ராத்திரி நினைச்சேன், அப்புறம் மறந்துட்டேன்," என்றாள் ரேடியோ. அவள் கண் மட்டும் கலங்கியிருந்தது.

இனி கடைசியாக ஓடப் போகிறவள் ரேடியோதான். பம்பரத்தின் பார்வை அவளுடைய பழைய ஷூவில் விழுந்தது. முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த ஷூவும் ரேடியோவைப் போலப் பேசத் தயாராக இருப்பதாகத் தெரிந்தது. ரேடியோவின் பாதம் பம்பரத்துடையதைவிடச் சின்னது.

சிவப்பு ஷூவைக் கொடுத்துவிடலாமா? நினைக்கும்போதே மனசு முரண்டு பிடித்தது. கடைசியில், "போட்டிக்கு மட்டும் போட்டுக்கோ. முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்," என்றாள். ரேடியோ எகிறிக் குதித்தாள்.

"இரு, இரு. முதல்ல கடைக்குப் போய்ப் பார்க்கணும்," என்றாள் பம்பரம். இந்தத் தடவை குருட்டாம்போக்கில் எதையும் செய்வதாக இல்லை.

சாயங்காலம் அப்பா இருவரையும் அதே கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும், "அந்தப் பலகையை எடுங்கம்மா," என்றார்.

கடை அக்கா சிரிக்கவில்லை. அது அப்பாவுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

ரேடியோ, ஓடும்போது போடும் சாக்ஸோடு பலகையில் ஏறி நின்றாள். அக்கா இரண்டு காலையும் தனித்தனியாக அளந்தார். "ரெண்டு காலும் எப்பவும் ஒரே அளவு இருக்காது. பெரிய காலுக்குத்தான் ஷூ பார்க்கணும்," என்றார். பம்பரத்தின் விரல் தடம் பதிந்த மெத்தையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார். ரேடியோ ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"குதிகால் வழுக்குதா?"

"இல்லக்கா! அப்படியே என் காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!"

அப்பா குனியப் போனார். அதற்குள் பம்பரம் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். முன்நுனியில் கட்டைவிரலை வைத்தபடி ரேடியோவை அண்ணாந்து பார்த்தாள்.

"விரலை மடக்கலையே?"

"நான் ஏன் மடக்கப்போறேன்?"

"மடக்குவாங்க. எனக்குத் தெரியும். உள்ள நல்லா ஆட்டிக் காட்டு."

விரல்கள் ஷூவுக்குள் தாராளமாக ஆடின. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு முன்னால் இடம் இருந்தது. ரேடியோ கடை வாசல் வரை ஓடிப்போய் ஓடி வந்தாள். சரியாக இருந்தது.

"இவளுக்கும் ஒண்ணு பார்த்துடுங்க," என்று அப்பா பம்பரத்தைக் காட்டினார்.

"இப்ப வேண்டாங்க. வளர்ற கால். திரும்ப ஓட ஆரம்பிக்கிறப்போ கூட்டிட்டு வாங்க, அன்னைக்கு அளந்து பார்ப்போம்," என்றார் அக்கா. பம்பரம் வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

போட்டி நாளன்று பம்பரம் அப்பாவுக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்திருந்தாள். கடைசி ஆள் நிற்கும் கோட்டில் ரேடியோ நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவ்வளவு பயம்.

பேட்டன் கைமாறியது. சிவப்பு ஷூ பறந்தது. பம்பரம் கத்தினாள், கைதட்டினாள். அவளுடைய கால்கள் இரண்டும் புல்லில் தாமாகவே துடித்தன. ரேடியோ ஒருத்தியை முந்தினாள். இன்னொருத்தியை முந்துவதற்குள் கோடு வந்துவிட்டது. இரண்டாம் இடம்.

எல்லோரும் ரேடியோவைத் தூக்கிச் சுற்றினார்கள். கீழே இறங்கியதும் அவள் மூச்சு வாங்க பம்பரத்திடம் ஓடி வந்தாள்.

"நீ ஓடியிருந்தா முதல்ல வந்திருப்போம்ல?"

ரேடியோவுக்கு மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. தோன்றியதைக் கேட்டுவிட்டாள். வந்திருப்போம் என்றுதான் பம்பரத்துக்கும் தோன்றியது. அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கடையில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

"நல்லா ஓடின நீ," என்றாள். அது பொய் இல்லை.

ரேடியோ கீழே உட்கார்ந்து லேஸை அவிழ்த்தாள். ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் சட்டை நுனியால் துடைத்தாள். நெருப்புப் படத்தை இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தா. திருப்பிக் குடுக்கணும்னு சொன்னியே."

பம்பரம் ஷூவைப் பார்த்தாள். பிறகு வெறுங்காலோடு நின்ற ரேடியோவைப் பார்த்தாள். பக்கத்தில் அப்பா மூச்சு விடாமல் காத்திருந்தார்.

"நீயே வெச்சுக்கோ," என்றாள் பம்பரம். "எனக்குப் பத்தலை."