நீள்கை ஏரியில் வட எல்லைக் கிண்ணம்

சாலை முடிந்த இடத்தில் தர்மிளா வண்டியை நிறுத்தினாள். அதற்கப்பால் ஒண்டாரியோவின் வடகாடு. படகைத் தோளில் சுமந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தால் நீள்கை ஏரி. பதினான்கு மாதங்களுக்கு முன் அவளுடைய தம்பி நிரூபன் அந்த ஏரியில் மூழ்கி இறந்தான். அவனோடு வட எல்லைக் கிண்ணமும் போயிற்று.

உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. கிண்ணம் கிடைக்கவில்லை.

அது ஐஸ் ஹாக்கிக் கிண்ணம். வடக்கின் எட்டு நகரங்களில் சம்பளத்துக்கு ஆடும் அணிகள் தொண்ணூறு ஆண்டுகளாக அதற்காக மோதுகின்றன. முதலில் அது ஒரு சுரங்க முதலாளி கொடுத்த வெள்ளிச் சட்டி. வென்றவர்களின் பெயர்களைப் பொறிக்க இடம் போதவில்லை. அடியில் ஒரு வளையம் சேர்த்தார்கள், பிறகு இன்னொன்று. இப்போது இடுப்பளவு உயரம், பதினைந்து கிலோ. முன்பும் மூன்று முறை அது தொலைந்திருக்கிறது. ஒருமுறை ரயில் நிலையத்தில் மறந்துவிட்டு வந்தார்கள். ஒருமுறை ஓர் ஆட்டக்காரரின் மனைவி அதில் பூச்செடி நட்டிருந்தாள். அரங்கம் எரிந்த வருடம் காவலாளி அதைப் பனிக்குவியலுக்குள் எறிந்துவிட்டு ஓடினார். பனி உருகியபோதுதான் தெரிந்தது. ஊரில் இவற்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான்காம் முறையை யாரும் சொல்லிச் சிரிக்கவில்லை.

வென்ற அணியில் ஒவ்வொருவருக்கும் கோடையில் இரண்டு நாள் கிண்ணம் சொந்தம். அது வழக்கம். நிரூபன் முதல் நாளைத் தெற்கே, தன் குடும்பம் இருக்கும் ஸ்காபரோவில் கழித்தான். மண்டபத்தில் முந்நூறு தமிழர்கள் அதனோடு படம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் நீள்கை ஏரிக்குப் போனான். பதினாறு வயதில் வடக்கே ஆட வந்தவனைத் தங்கள் வீட்டில் வைத்து மூன்று குளிர்காலம் சோறு போட்டவர்கள் ரேயும் மார்ஜும். கோடையில் அவர்கள் ஏரித் தீவில் இருப்பார்கள். மார்ஜால் நடக்க முடியாது. ஆகவே கிண்ணம் அவளிடம் போனது.

போய்ச் சேரவில்லை.

உடலில் மிதவைச் சட்டை இல்லை. படகைக் கொடுத்தவர் சட்டையும் கொடுத்ததாகச் சொன்னார். காவல்துறை அறிக்கை அதைக் கவனக்குறைவு என்றது. வடக்கில் குடித்திருப்பான் என்றார்கள். ஸ்காபரோவில் வெற்றி தலைக்கேறிவிட்டது என்றார்கள். அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார்.

தர்மிளாவுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. சட்டை மிதக்கும் பொருள். நிரூபன் அணியவில்லை என்றால் அது ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கியிருக்க வேண்டும். யாரும் அதைக் காணவில்லை. அந்தச் சட்டை எங்கே என்று தெரியாமல் அவளால் இன்னொரு குளிர்காலம் இருக்க முடியாது.

அவளோடு வந்தவர்கள் இரண்டு பேர். சித்தப்பா மகன் வாகீசன் ஒலியால் நீரடியைப் படம் பிடிக்கும் கருவியை வேலையிடத்தில் கெஞ்சி வாங்கி வந்திருந்தான். ஓவன் நிரூபனின் அணியின் கோல்காப்பாளன். இதற்கென்றே ஆழநீரில் மூழ்கப் பழகியவன். நிரூபனிடம் கற்ற தமிழ் அவனிடம் கொஞ்சம் இருந்தது. பாதி சாப்பாட்டுப் பெயர்கள், பாதி தூசண வசவுகள்.

அக்டோபரில் ஹாக்கிச் சங்கம் புதுக் கிண்ணம் செய்யப்போகிறது. அதற்கு இன்னும் ஒன்பது நாள்.

காட்டுப்பாதை சேறாக இருந்தது. வாகீசன் முழங்கால்வரை புதைந்தான். சப்பாத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுத்தான்.

“அக்கா, புதையல் தேடுற ஆக்கள் எல்லாருக்கும் ஒரு வரைபடம் இருக்கும். எங்களுக்கு இருந்த சப்பாத்தும் போயிட்டுது.”

தர்மிளா சேற்றுக்குள் கைவிட்டு அதை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் ஏரியின் கிழக்குக் கரையைத் தேடினார்கள். படகும் உடலும் கிடைத்த இடம் அதுதான். மீட்புப் படையும் பத்து நாள் அங்கேதான் தேடியிருந்தது. கருவியில் மரக்கட்டைகள் தெரிந்தன. வேறொன்றும் இல்லை.

இரண்டாம் நாள் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. நிரூபன் போன நாளிலும் மேற்குக் காற்றுதான். அலை படகுக்குள் ஏறியது. வாகீசன் வாளியால் நீரை இறைத்தான். பின்னால் இருந்த ஓவன் துடுப்பைக் குத்திப் படகின் மூக்கைத் திருப்பினான். ஒதுங்க ஒரே இடம் நடு ஏரியில் நின்ற கரும்பாறை. அதன் மறைவை நோக்கிப் போனார்கள். பாறைக்கு நூறு மீட்டர் முன்பு அலைகள் இரண்டு பக்கமும் சுற்றிவந்து ஒன்றோடொன்று மோதின. படகு சாய்ந்தது. மூவரும் மறுபக்கம் விழுந்து அதை நிமிர்த்தினார்கள்.

பாறை மறைவில் மூச்சு வாங்கியபடி தர்மிளா அந்த இடத்தையே பார்த்தாள்.

“அவனும் இங்கதான் ஒதுங்க வந்திருப்பான்,” என்றாள். “நாங்கள் மூண்டு பேர். அவன் தனிய.”

படகும் உடலும் காற்றோடு கிழக்கே போயிருக்கும். வெள்ளி காற்றோடு போகாது.

மறுநாள் காலை ஏரி கண்ணாடியாக இருந்தது. பதினெட்டு மீட்டர் ஆழத்தில் கருவி ஒரு குத்துக்கோட்டைக் காட்டியது. வாகீசன் விளக்கு பொருத்திய கமராவைக் கயிற்றில் இறக்கினான். திரையில் பச்சை நீர், தூசி, பிறகு செம்மஞ்சள்.

கிண்ணம் நின்றுகொண்டிருந்தது. விழவில்லை, புதையவில்லை. அதற்கு மிதவைச் சட்டை அணிவிக்கப்பட்டிருந்தது. சட்டை அதை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. பதினான்கு மாதமும் அது ஏரியின் அடியில் மெல்ல ஆடியபடி நின்றிருக்கிறது.

ஓவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூழ்கும் உடையை மாட்டினான்.

அவன் கீழே கயிறு கட்டினான். மேலே இருவரும் இழுத்தார்கள். கிண்ணம் படகின் விளிம்புக்கு வந்தபோது வாகீசனின் கை நின்றது. வெல்லாதவர்கள் அதைத் தூக்கக் கூடாது என்பதும் வழக்கம். நிரூபன் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறான்.

நீருக்குமேல் தலையை நீட்டி ஓவன் சொன்னான். “அக்கா. பிடி.”

அவள் பிடித்தாள்.

ஹாக்கிச் சப்பாத்து நாடாவால் சட்டை கட்டப்பட்டிருந்தது. ஏழு முடிச்சு. ஒவ்வொன்றும் இரட்டை முடிச்சு. அலையில் ஆடும் படகில் இருந்து ஒருவன் இத்தனை முடிச்சுப் போட நேரம் எடுத்திருக்கும். கத்தியால்தான் வெட்ட முடிந்தது.

“மனுசன் தண்ணியில தானே பாதி மிதப்பான், அவனைத் தாங்கும் அக்கா,” என்றான் வாகீசன். “பதினைஞ்சு கிலோ வெள்ளியைத் தாங்காது. அவனுக்கு அது தெரியேல்லை.”

தர்மிளா மண்டபத்தை நினைத்தாள். முந்நூறு பேரும் அவனிடம் ஒன்றைத்தான் சொன்னார்கள். கிண்ணம் கவனம். அவளும் சொன்னாள். அடுத்த நாள் காலை அப்பா தொலைபேசியில் சொன்னார்: எங்கட ஆக்களில முதல் ஆள் நீ, அதுக்கு ஒண்டும் நடக்கக் கூடாது.

வாகீசனும் அதையே நினைத்திருக்க வேண்டும். சட்டையைத் திரும்ப ஏரியில் போட்டுவிடலாம் என்றான். கிண்ணம் மட்டும் கிடைத்ததாகச் சொல்வோம், பெரியப்பா இதைத் தாங்கமாட்டார் என்றான். ஓவனிடம் கேட்டான். முடிவு அவளுடையது என்பதுபோல் ஓவன் தர்மிளாவைக் காட்டினான்.

சட்டையை எறிந்தால் அப்பா பிழைப்பார். தம்பி குடிகாரனாகவே இருப்பான். அவள் சட்டையை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

திரும்பும் வழியில் தீவில் இறங்கினார்கள். மார்ஜ் போன பனிக்காலத்தில் இறந்துவிட்டிருந்தாள். ரே கிண்ணத்தைப் பார்த்தார். தொடவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார்.

அணியின் ஊரில் அரங்கத்தின் சங்கு ஊதியது. தெருவின் இருபுறமும் மக்கள் நின்று கைதட்டினார்கள். ஓவன் கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கினான். அதிலிருந்து ஏரிநீர் அவன் முகத்தில் வழிந்தது. தர்மிளா அதுவரை நின்றாள். பிறகு தெற்கே வண்டியை ஓட்டினாள்.

அப்பா சமையலறையில் இருந்தார். அவள் சட்டையை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெட்டுப்பட்ட நாடாக்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

“ஒரு முடிச்சும் அவிழேல்லையோ?”

“இல்லை அப்பா. வெட்டித்தான் எடுத்தம்.”

“நான்தான் சொன்னனான்.”

“எல்லாரும் சொன்னவை அப்பா. நானும் சொன்னனான்.”

அவர் எழுந்து குழாயைத் திறந்து சட்டையின் சேற்றைக் கழுவத் தொடங்கினார். நீர் தெளிந்து வரும்வரை கழுவினார்.

“ஆக்கள் கேட்டால் அவன் குடிக்கேல்லை எண்டு மட்டும் சொல்லாத. அவன் என்ன செய்தவன் எண்டு சொல்லு,” என்றார். “நான் என்ன சொன்னனான் எண்டதையும் சேர்த்துச் சொல்லு.”

அவள் அப்படியே சொன்னாள். அறிக்கையைத் திருத்தினார்கள். அக்டோபரில் பழைய கிண்ணத்திலேயே நிரூபனின் பெயரையும் விடுபட்ட மற்றப் பெயர்களையும் பொறித்தார்கள். கிண்ணம் இனி எந்தப் படகிலும் ஏறக் கூடாது என்று சங்கம் எழுதிவைத்தது. பார்க்க விரும்புகிறவர்கள் கரைக்கு வர வேண்டும். வர முடியாதவர்களுக்குப் புகைப்படம் போதும்.