கையெழுத்துப் போடாத ஆன்ட்ரூஸ்

ஆன்ட்ரூஸின் மூக்கில் யாரோ மீன்குடலை அப்பியிருந்தார்கள். ஒரு காகம் அதைக் கொத்திக்கொண்டிருந்தது.

நிஜ மூக்கில் அல்ல. இனயம் ஊரில் சிலுவை நாட்டிய குருசடிப் பக்கம் நிற்கிற பெரிய ஃபிளெக்ஸ் பலகையில்தான். 'எங்கள் கடற்கரையின் புலி' என்று எழுதி, போன வருடம் ஊர் இளைஞர்கள் மேளம் அடித்து வைத்த பலகை அது.

ஆறாம் வகுப்புப் படிக்கும் பெபிஷா காகத்தை விரட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தேங்காய் நாரால் அண்ணனின் மூக்கைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, மூக்க மட்டும் கழுவினா போராது. வாயையும் நல்லா கழுவு. பேராச புடிச்ச வாயில்லா!"

திரும்பிப் பார்த்தாள். அவள் வகுப்பு ரெனிஷா.

"எனக்க அண்ணன் பேராசக்காரன் இல்ல."

"பின்ன என்னத்துக்கு ஆடாம வீட்டுல கெடக்கான்? டிவியில சொன்னாவளே, ரூவா கூட்டித் தந்தாதான் கையெழுத்து போடுவானாம்!"

பெபிஷா படத்தின் மூக்கை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஆன்ட்ரூஸ் சென்னையில் நீலச்சுறா கால்பந்து அணிக்கு ஆடுகிறவன். பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதற்குள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டது அணி. அவன் மறுத்தான். 'கையெழுத்துப் போடாமல் மைதானத்தில் இறங்க முடியாது' என்றார்கள். வேறு அணிக்குப் போகவும் விடவில்லை.

அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு அந்த வீடு ஆன்ட்ரூஸின் கால்களில்தான் நின்றது. இப்போது அம்மா செசிலி, மூலையில் கவிழ்த்து வைத்திருந்த மீன்கூடையை மறுபடியும் கையில் எடுத்துவிட்டாள். அண்ணனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் பெபிஷாவுக்குப் பயமாக இருந்தது.

அன்று மாலை அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது, அண்ணன் கிணற்றடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் அணி மேலாளர் ராஜகுமார்.

"எனக்கு ஒண்ணும் கூட்டித் தரண்டாம், சார். ஷிபினுக்க முட்டு ஆப்பரேஷன நீங்க செய்து குடுங்க. ஒங்க மேட்சுலதான அவன் விழுந்தான்? அது முடியாம நான் கையெழுத்து போட மாட்டேன்."

டங்! பெபிஷாவின் கையிலிருந்து வாளி விழுந்தது.

ஷிபின் பக்கத்து ஊர் புதுக்கடையைச் சேர்ந்தவன். அதே அணியில் ஆடி, ஆன்ட்ரூஸ் கோல் அடிக்கப் பந்தைத் தட்டிக் கொடுக்கிறவன். போன சீசனின் கடைசி ஆட்டத்தில் முழங்கால் திருகி விழுந்தான். அந்த மாதத்தோடு அவன் ஒப்பந்தமும் முடிந்தது. 'இனி அவர் எங்கள் ஆள் இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணா, இத ஊருல சொல்லு! மீன்குடல் போட்டவன் எல்லாம் நாணிப்போவான்."

"சொல்லப்பிடாது. சொன்னா ஷிபினுக்கு தெரிஞ்சிரும். 'எனக்காண்டி ஒனக்க வாழ்க்கைய கெடுக்காத'ன்னு நொண்டிக்கிட்டே வந்து நிப்பான். நீயும் ஊருல ஒருத்தருட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணினாள். பிறகு கேட்டாள்: "டீம்ல மத்தவங்க என்ன சொல்லுதாவ?"

"அவங்களுக்கும் தெரியாது. இது எனக்க சண்ட, மக்கா."

அது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை அம்மா புதுக்கடைச் சந்தைக்குக் கிளம்பியபோது, பெபிஷாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். சந்தை சேர்ந்ததும், "ஷிபினண்ணன பாத்துட்டு வாறேம்மா" என்றாள். அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து நல்ல சாளை மீனாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஷிபினின் வீடு சந்தைக்குப் பின்னால்தான். முன்னறையில் நாற்காலியில் இருந்தான். வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டியிருந்தான். அவனுடைய பூட்ஸ் இரண்டையும் யாரோ பிளாஸ்டிக் பையில் கட்டி, அலமாரி மேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

"புலிக்க தங்கச்சியா? வா, வா" என்றான். குரலில் கசப்பு. "நான் விழுந்த பெறவு அந்தப் புலி ஒரு போனாவது போட்டானா? பேரம் பேசுத திரக்குல அவனுக்கு எங்க நேரம்!"

"அண்ணன் ரூவா கேக்கல. ஒங்க முட்டுக்காண்டிதான் கையெழுத்து போடல. ஒங்ககிட்ட பேசினா மறைக்க முடியாதுன்னுதான் போன் போடல."

ஷிபின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

திரும்பாமலே கேட்டான்: "இத எனக்கிட்ட சொல்லச் சொன்னானா?"

"இல்ல. ஊருல ஒருத்தருட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். ஆனா நீங்க எங்க ஊரு இல்லியே. புதுக்கடைல்லா!"

ஈரக் கண்ணோடு ஷிபின் சிரித்துவிட்டான். உடனே போனை எடுத்தான். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிருதேன். அவன் போய் ஆடட்டு."

"நில்லுங்கண்ணா! ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில தனியா கெடந்தா என்ன நடக்கும்? எங்க மரியஜான் மாமாவுக்க கத தெரியுமா?"

அவள் சொன்னாள்.

கடலில் வைத்து அடிபட்டவன் எழுந்து வரும்வரை, வள்ளத்தில் வரும் மீனில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அது அந்தக் கரையின் வழக்கம். போன மழைக்காலத்தில் அலை வள்ளத்தைப் புரட்டியதில் மரியஜானின் கை ஒடிந்தது. 'வேலைக்கு வராதவனுக்குப் பங்கு கிடையாது' என்றார் வள்ளத்தின் சொந்தக்காரர். மறுநாள் விடியற்காலையில் கூட்டாளிகள் எல்லாரும் வழக்கம்போல வந்தார்கள். ஆனால் யாரும் வள்ளத்தைத் தொடவில்லை. அதன் பக்கத்திலேயே மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை மட்டும் விட்டிருந்தார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. வெயில் ஏறுவதற்குள் மரியஜானின் பங்கு அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

"ஒரு ஆளு மட்டும் வராம இருந்தா வேற ஆள கூப்பிட்டிருப்பாவ. எல்லாரும் மணல்ல இருந்துட்டா என்ன செய்வாவ?" என்று கேட்டாள் பெபிஷா.

ஷிபின் தலையைக் குனிந்தான். "எனக்காண்டி ஆடாம இருங்கன்னு எப்பிடி மக்கா கேப்பேன்? வெக்கமா இருக்கு."

"மாமாவும் கேக்கலியே. நடந்தத மட்டும் சொல்லுங்க. அது போரும்."

ஷிபின் அணிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினான். தன் காலைப் பற்றிச் சொன்னான். ஆன்ட்ரூஸைப் பற்றிச் சொன்னான். மரியஜானின் வள்ளத்தைப் பற்றியும் சொன்னான். பாதியில் குரல் உடைந்தது. அதை அழிக்காமல் அப்படியே அனுப்பினான்.

திங்கட்கிழமை காலை ஆன்ட்ரூஸின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது.

சென்னைப் பயிற்சி மைதானம். மழை தூறிக்கொண்டிருந்தது. அணிக்காரர்கள் எல்லாரும் புல்லில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பந்து தொடுவாரில்லாமல் நனைந்துகொண்டிருந்தது. வரிசையின் நடுவில் இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது.

ஆன்ட்ரூஸ் நிமிர்ந்தான். "இது யாருக்க வேல?"

"அண்ணா... ஷிபினண்ணன் நம்ம ஊரு இல்லியே..."

அடிக்க ஓங்கிய கை அவள் தலையில் மெதுவாக இறங்கியது. "நீ வக்கீலுக்குப் படி, ஏட்டி. ஆட்டக்காரனெல்லாம் பொழச்சுக்கிடுவான்."

அணி உடனே இறங்கி வரவில்லை. 'எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவோம்' என்று மிரட்டியது. மறுநாளும் அவர்கள் மழையில் உட்கார்ந்தார்கள். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தார்கள். முதல் ஆட்டம் நெருங்கியபோது ராஜகுமாரே ஷிபினின் வீட்டுக்குப் போன் செய்து, ஆப்பரேஷனை அணியே செய்துதரும் என்றார். மைதானத்தில் அடிபட்டவரைக் குணமாகும்வரை அணியே பார்த்துக்கொள்ளும் என்று எல்லாருடைய ஒப்பந்தத்திலும் எழுதினார்கள். அதன் பிறகுதான் ஆன்ட்ரூஸ் கையெழுத்துப் போட்டான்.

ஷிபினுக்கு ஆப்பரேஷன் நடந்தது. ஆனால் டாக்டர் ஒன்றைச் சொல்லிவிட்டார்: "தாமதமா வந்திருக்கீங்க. நல்லா நடப்பீங்க. ஆட முடியுமான்னு இப்போ சொல்ல முடியாது."

முதல் ஆட்டத்தன்று ஊர் முழுக்க வாசகசாலை டிவி முன்னால் கூடியது. எல்லா பெஞ்சும் நிறைந்துவிட்டது. ஆன்ட்ரூஸ் கையெழுத்துப் போடாத காரணம் டிவியில் வந்திருந்தது; மீன்குடலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெபிஷாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவள் வாசலில் நின்றபடியே பார்த்தாள்.

இரண்டாம் பாதியில் ஆன்ட்ரூஸ் கோல் அடித்தான். கூரை அதிர்ந்தது. அவன் கையைத் தூக்கவில்லை. கோட்டோரமாக ஓடிப் புல்லில் உட்கார்ந்தான். மற்றவர்களும் ஓடிவந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"கோல் அடிச்சிட்டு என்னத்துக்குட்டி தரையில இருக்காவ?" என்று திரும்பிக் கேட்டாள் ரெனிஷா. "நடுவுல எடம் வேற கெடக்கு."

"அது ஷிபினண்ணனுக்க எடம்" என்றாள் பெபிஷா. "அவரு வருவாரு."

ரெனிஷா டிவியில் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்து, தானும் பெஞ்சில் நகர்ந்தாள். நடுவில் ஓர் ஆள் இடம் வந்தது.

பெபிஷா போய் உட்கார்ந்தாள்.