செங்குருகு பார்த்தவள்

"நெசமாவே பாத்தியா, ரூமானா?"

தீபலட்சுமி அக்கா காலையில் அதைச் சந்தேகத்தோடு கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டாள். அதுதான் இன்னும் குத்திக்கொண்டிருந்தது.

ஊசுட்டேரிக் கரையில் ஞாயிறுதோறும் பறவை பார்க்கக் கூடுகிறவர்களில் பத்தாவதோடு நின்றுபோனவள் ரூமானா மட்டும்தான். மற்றவர்கள் விரல் நீட்டும் இடத்தில் அவளுக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். தெரிந்தவள்போலத் தலையாட்டிவிடுவாள். இன்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சம்பங்கோரைக்குள் செங்குருகு நின்றதாம்; கழுத்தை வானத்துக்கு நீட்டி, காற்றுக்குக் கோரையோடு கோரையாக ஆடியதாம்.

"கண்ணுல வந்துச்சா, கனவுல வந்துச்சா?" என்றான் வெற்றிச்செல்வன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ சும்மா இருடா," என்றாள் அக்கா. "சாயங்காலம் நான் வர்றேன், ரூமானா. ரெண்டு பேரு பாத்தாதான் நம்ம பறவைக் கணக்குல ஏறும். ஆனா ஒண்ணு, கண்ணுல பட்டுச்சுன்னா வாயத் தொறக்கக் கூடாது. குருகு கூச்சம் புடிச்சது. நாம பாத்தது அதுக்குத் தெரியாம அப்படியே பின்னால நகந்து வந்துடணும்."

அதனால்தான் ரூமானா அக்காவுக்கு முன்பே வந்துவிட்டாள். ஒரே ஒரு குருகு கிடைத்துவிட்டால் போதும், பொய் மெய்யாகிவிடும்.

வெயில் இறங்கிய ஏரியில் அழுகிய பாசியும் ஈரச் சேறும் சேர்ந்த வாடை அடித்தது; தூரத்தில் நாமக்கோழிகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன; வில்லியனூர்ப் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியின் பாட்டைக் காற்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது; அந்தக் காற்றுக்கு ஆளுயரக் கோரை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெருமூச்சுபோல ஒலியெழுப்பி நிமிர்ந்தது. அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்தது. மற்றவற்றைப் பார்த்துப் பழகிக்கொள்வதுபோல.

அவள் கண்களைக் கசக்கிக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது எல்லாம் ஒன்றாகவே ஆடின. நாமக்கோழிகள் கத்துவதை நிறுத்தியிருந்தன.

கரைமேல் ஸ்கூட்டி வரும் சத்தம் கேட்டது.

அக்கா. காதுமடல்வரை சூடு ஏறியது. எதைக் காட்டுவது? எந்த இடம் என்று சொல்வது? ஓடுவதற்கு வழி இல்லை. கரைக்கு ஒரே பாதைதான். யோசிக்கும் முன்பே கால்கள் கோரைக்குள் இறங்கியிருந்தன. சேறு முழங்காலைக் கவ்வியது. கோரையின் விளிம்பு முகத்தைக் கீறியதால் மோவாயை மேலே தூக்கிக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டி நின்றாள். பறவைகளை மிரட்டக் கூடாதென்று போட்டுவந்த செங்கல் நிறச் சுடிதார் காய்ந்த தண்டுகளுக்குள் கரைந்துபோனது.

"ரூமானா! எங்கடி இருக்க?"

ரூமானா கோரைக்குள் இன்னும் ஓரடி நகர்ந்தாள்.

"உனக்குன்னுதான் முத்தியால்பேட்டையிலேர்ந்து வந்திருக்கேன். வெளயாடாத."

அந்தக் குரலில் இன்னமும் நம்பிக்கை இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிடலாம். பொய் சொல்லிட்டேன் அக்கா. மூன்று வார்த்தைதான். சிரிக்கட்டும். இனி வராதே என்று சொல்லட்டும். வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

தலையை இறக்கப் பார்த்தாள். கழுத்து இறங்கவில்லை.

காற்று வந்தது. கோரை சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள். அவள் சாயவில்லை, உடம்பு சாய்ந்தது.

பக்கத்தில் இன்னொன்றும் சாய்ந்தது. சற்றுத் தாமதமாக. கடைக்கண்ணில் பட்டது. தண்டு இல்லை. வானத்தைப் பார்த்த ஒரு மோவாய். பாசி படர்ந்த தொண்டை. உள்ளே ஏதோ விழுங்குவதுபோல ஏறி இறங்கியது. காதில் ஒரு சின்னத் தோடு.

அக்கா போனை எடுத்து அழைத்தாள். ரூமானாவின் இடுப்புப் பையில் போன் உறுமியது. ஊம்ம். ஊம்ம்.

அக்கா சட்டென்று திரும்பினாள். பைனாகுலரைத் தூக்கினாள். நேராக அவளையே பார்த்தாள். விரல் மெதுவாகச் சக்கரத்தைத் திருகியது.

இங்கேதான் அக்கா. நான்தான். பாரு.

முழங்காலில் ஒரு மீன் குஞ்சு உரசியது. பசித்தது.

அக்கா பைனாகுலரை இறக்கினாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. கண்கள் பளபளத்தன. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, காய்ந்த சருகுகூட நொறுங்காமல், ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி. கரைமேல் ஏறியதும் வண்டியைக் கிளப்பாமல் தள்ளிக்கொண்டே, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.